செம்புக் காசின் ரேகை

அந்தக் காசு பளபளவென்று இருந்தது. வில்லங்கமே அதுதான்.

கண்ணாடிக்காரர் அதை ஒரு கறுப்புத் துணிமேல் வைத்து மேசையின் குறுக்கே அண்ணியின் பக்கம் நகர்த்தினார். கூடவே ஒரு தகர டப்பா. அதற்குள் உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளும், கசங்காத ஒரு சின்ன லேபிளும் கிடந்தன.

"இது என் காசு இல்லம்மா. என் காசு எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க. எடுத்தவன் யாரா இருந்தாலும் சரி. நான் பெத்த பிள்ளையா இருந்தாலும் சரி."

ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டு, இப்போது வயதாகி வீட்டோடு இருப்பவர். கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் ஒரு மாதமாக ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. மகன் காலையில் காபி டம்ளரைக் கொண்டுவந்து வைப்பான், இவர் ஜன்னலைப் பார்ப்பார். எல்லாம் இந்தக் காசால்.

அண்ணியின் கொழுந்தன் கோந்து எட்டிப் பார்த்தான். ஒரு பக்கம் பாய்மரக் கப்பல், மறுபக்கம் கதிர்க்கட்டு. அந்தக் காலத்துச் செம்புக் காசு. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி இளஞ்சிவப்பாக மின்னியது. அவனுக்குக் கை சும்மா இருக்காது. நீட்டினான்.

"ஓரத்தைப் பிடி!"

கிழவருடைய குரலில் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது. கோந்து சுட்டுக்கொண்டவன்போல் கையை இழுத்துக்கொண்டான்.

"காசோட முகத்துல விரல் படக்கூடாது. ஓரத்தைப் பிடிச்சுத்தான் தூக்கணும். என் பையனுக்கு நடக்கச் சொல்லிக் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். செம்பு பொல்லாதது. இன்னிக்குத் தொட்டா இன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ஆறேழு மாசம் போனப்புறம் ரேகை தானா மேல வரும். வந்துட்டா போகாது."

"என் பழைய கடன்காரங்க மாதிரி," என்றான் கோந்து.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அண்ணியும் சிரிக்கவில்லை. அண்ணி சிரிக்கமாட்டாள் என்பது கோந்துக்குப் பழகிப்போன விஷயம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எரிந்த கடைகளுக்குள் போய் நெருப்பு தானாகப் பிடித்ததா, யாராவது பிடிக்க வைத்தார்களா என்று பார்ப்பது அவள் வேலையாக இருந்தது. அண்ணன் போனபிறகு, அண்ணன் நடத்திக்கொண்டிருந்த துப்பறியும் ஆபீஸை மூட மனசில்லாமல் அவளே எடுத்து நடத்துகிறாள். மீன் தொட்டி வியாபாரம், குடை வாடகை, கல்யாண வீடியோ என்று தொட்டதெல்லாம் படுத்துப்போன கொழுந்தன் கூடவே வந்து ஒட்டிக்கொண்டான். எங்கே ஒட்டினாலும் பிய்க்க முடியாது என்று அண்ணன்தான் சின்ன வயதில் அவனுக்குக் கோந்து என்று பெயர் வைத்தது. வைத்தவன் போய்விட்டான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"உங்க காசு இல்லேன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"தினமும் சாயங்காலம் லென்ஸ் வெச்சுப் பார்க்கிறவன் நான். எனக்குத் தெரியாதா?"

"என்ன வித்தியாசம்னு சொன்னா எனக்கு உதவியா இருக்கும்."

அவர் மேசை விளக்கைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். எதிர்ச்சுவரில் ஒரே ஒரு போட்டோ இருந்தது. முன்பல் விழுந்த ஒரு சிறுமி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். படத்தின் ஓரத்தில் அவள் பாவாடையைப் பிடித்திருக்கும் ஒரு குழந்தையின் கை மட்டும் தெரிந்தது.

"உங்க பொண்ணா?"

"ம்," என்றார். அந்த ஒரு எழுத்தோடு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று.

பிறகு அவரே சொன்னார். "இந்தக் காசை கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பி, தரம் பார்த்து, நம்பர் போட்டு, பிளாஸ்டிக் கூட்டுல சீல் பண்ணி வாங்கினேன். ஸ்லாப்னு சொல்வாங்க. உடைச்சாத்தான் வெளிய எடுக்க முடியும். ஒரு மாசம் முன்னாடி டிராயரைத் திறந்தா, கூடு உடைஞ்சு கிடக்கு. பக்கத்துல இது. கேட்டா, 'அதே காசுதான்பா'ங்கறான். இன்னிக்குச் சாயங்காலம் அவனை வரச் சொல்லியிருக்கேன். ஒண்ணு, என் காசு எங்கேன்னு தெரியணும். இல்லேன்னா கடைச் சாவியை இந்த மேசையில வெச்சுட்டு அவன் போகணும். அதுக்கப்புறம் அவன் யாரோ, நான் யாரோ."

காசையும் டப்பாவையும் வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது கோந்து பொறுக்கமாட்டாமல் ஆரம்பித்தான்.

"அண்ணி, ஒருத்தன் காசை எடுத்தான். கூட்டை உடைச்சான். உடைச்ச கூட்டையும் திருப்பி வெச்சான். பதிலுக்கு இன்னொரு காசையும் வெச்சுட்டுப் போனான். இவன் திருடனா, தர்மகர்த்தாவா?"

"எனக்கும் அங்கேதான் இடிக்குது. லேபிளைப் பார்த்தியா?"

"ரொம்பப் பத்திரமா இருக்கு."

"எதையோ மறைக்க நினைச்சவன், நம்பர் இருக்கிற லேபிளைத்தான் முதல்ல கிழிப்பான். இவன் எதுக்கோ வேணும்னு எடுத்து வெச்சிருக்கான்." அவள் ஒரு படியில் நின்றாள். "அந்தப் பெரியவர் இன்னொண்ணும் பண்ணினார். காசு தொலைஞ்சவன் அடையாளம் சொல்லத் துடிப்பான். இவர் அடையாளத்தை மட்டும் சொல்லமாட்டேங்கறார்."

*

காசுக்கடைக்காரர் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை போட்டிருந்தார். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் நாடு நாடாகக் காசுகள். சிலது கூட்டுக்குள் நம்பரோடு கெத்தாக நின்றன. சிலது தட்டில் குவியலாகக் கிடந்தன. பழைய காசு விற்றாலும் புது மனிதர்களைப் பிடிக்காத மனிதர் அவர்.

"கூட்டுலேருந்து எடுத்தா விலை இறங்குமா?" என்று அண்ணி கேட்டாள்.

"இறங்குமாவா? உருண்டு விழும்."

"அதே காசுதானே சார்?" என்று கோந்து இடையில் புகுந்தான். "கூட்டுக்குள்ள இருந்தா மட்டும் கொம்பா முளைக்குது?"

"முளைக்குது. உள்ள இருக்கற வரைக்கும் அது சாட்சியோட நிக்கற காசு. அசல்தான், கழுவலை, சுரண்டலைன்னு விஷயம் தெரிஞ்ச நாலு பேர் பார்த்துச் சொல்லியாச்சு. வாங்கறவன் என்னை நம்பவேண்டாம், உங்களை நம்பவேண்டாம், நம்பரை நம்பினாப் போதும். வெளிய வந்துட்டா நாதியில்லை. அதே காசுன்னு யார் சொல்றது? நீங்களா? உங்க மூஞ்சியைப் பார்த்தா எனக்கே சந்தேகம் வருது."

"என் மூஞ்சிக்கும் ஒரு நம்பர் போட்டுக் கொடுத்துடுங்களேன்."

"போட்டா நீங்க அழுவீங்க."

கோந்துக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அண்ணி விடவில்லை. "இவ்வளவு நஷ்டம்னா யார்தான் உடைப்பாங்க?"

"ரெண்டு பேர். ஒருத்தன் விவரம் கெட்டவன். இன்னொருத்தன், தன் காசுக்குக் கம்மியாப் போட்டுட்டாங்கன்னு நினைக்கிறவன். உடைச்சு, வெளிய எடுத்து, மறுபடி அனுப்புவான். ஒரு படி மேலயும் வரும், ரெண்டு படி கீழயும் வரும். கழுவினது தெரிஞ்சா நம்பரே போடாம, 'கழுவப்பட்டது'ன்னு எழுதி அனுப்பிடுவாங்க. அந்த வார்த்தை விழுந்தா காசு பொட்டுனு போயிடும்."

"திருடினவன்?"

"திருடன் கூட்டோடதான் தூக்குவான். கூட்டை உடைச்சுட்டுக் காசைத் திருடறது, புதுக் காரைத் திருடிட்டு எஞ்சினைக் கழட்டி ரோட்டுல போட்டுட்டுப் போற மாதிரி."

அண்ணி துணியைப் பிரித்துக் காட்டினாள். அவர் லென்ஸைக் கண்ணில் செருகிக் குனிந்தார். உடனே நிமிர்ந்தார்.

"கப்பல் காசு. ஆனா இது கண்ணாடிக்காரரோடது இல்ல. அவர் காசுல ரேகை இருக்கும்."

"ரேகையா?"

கம்ப்யூட்டரில் தேடி ஒரு படத்தைத் திறந்தார். இன்ஷூரன்ஸுக்காக முன்பு ஒருமுறை எடுத்தது. கூட்டுக்குள் பழுப்பும் சிவப்புமாக அதே கப்பல். பாய்களுக்கு மேலே, வெறும் வானமாக இருக்கவேண்டிய இடத்தில், வளையம் வளையமாக ஒரு கறுத்த தடம். யாரோ அந்த வானத்தில் விரலை அழுத்தி எடுத்திருந்தார்கள்.

"இது ஒண்ணு மட்டும் இல்லேன்னா ரெண்டு படி மேல போட்டிருப்பாங்க. போன மாசமோ என்னமோ அவர் பையன் வந்து, 'எதனால நம்பர் கம்மி'ன்னு கேட்டான். இதனாலதான்னு சொன்னேன்." காசுக்கடைக்காரர் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சொன்னது தப்பா?"

அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. அதே ரகக் காசு ஒன்றைத் தட்டிலிருந்து வாங்கி, படத்தைப் பார்த்துப் பார்த்து அதன்மேல் தன் கட்டைவிரலைக் கொண்டுபோனாள். விரல் வானத்தை மூடி, பாயை மூடி, பாதிக் கப்பலையும் மூடியது. விரலை மாற்றினாள். சுண்டுவிரல் நுனிதான் அந்தத் தடத்துக்குச் சரியாக இருந்தது.

"ரொம்பச் சின்ன விரல்," என்றாள்.

"எந்தக் காலத்துல எந்தக் குழந்தை எடுத்து விளையாடிச்சோ."

அவள் லென்ஸைக் கேட்டு வாங்கி, உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளை ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்தாள். காசைக் கவ்விப் பிடிக்கும் உள் வளையம் இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பாதியின் உள்பக்கத்தில் மயிரிழைக் கீறல் ஒன்று.

"கோந்து, காசோட ஓரத்தைத் தடவிப் பாரு. ஓரத்தை மட்டும்."

கோந்து பயபக்தியோடு தடவினான். ஓரிடத்தில் நகத்தில் ஏதோ இடறியது. அச்சடித்தபோதே பிதுங்கிப்போன ஒரு பொட்டு.

"இங்கே ஒரு மரு இருக்கு."

வளையத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்து அண்ணி அதற்குள் காசை வைத்து மெல்லத் திருப்பினாள். மருவும் கீறலும் சந்தித்தன. சின்னதாக ஒரு 'க்ளிக்'. அதற்குமேல் காசு அசையவில்லை.

"செருப்புக் கடையில காலை விட்டுப் பார்த்த மாதிரி இருக்கு," என்றான் கோந்து மெதுவாக. "அளவு சரியா இருக்கே அண்ணி. அப்போ..."

"அப்போ பையன் சொன்னது நிஜம். அதே காசுதான். யாரும் மாத்தலை. போனது ரேகை மட்டும்தான்."

*

மூக்குக்கண்ணாடிக் கடையில் மகன் தனியாக இருந்தான். நாற்பதைத் தொடும் வயது. ஊரார் கண்ணைப் பரிசோதிக்கிறவனுக்குத் தன் கண் தூங்கி நாளாகியிருந்தது. கோந்து தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினான்.

"அழுக்கு ஜாஸ்திங்க. உலகமே மங்கலா இருக்கு. உலகம் மங்கலா, கண்ணாடி மங்கலான்னு பார்த்துச் சொல்லுங்க."

மகன் அதை வாங்கி, தண்ணீர் நிரம்பிய ஒரு சின்ன மெஷினுக்குள் இறக்கிப் பொத்தானை அழுத்தினான். மெஷின் வண்டுபோல ரீங்காரம் போட்டது. அண்ணி பணப்பையைத் தேடிக் கைப்பையைத் திறந்தாள். உள்ளே கறுப்பு ஃபிரேம் போட்ட ஒரு ஆண் கண்ணாடி. மகன் தொழில் புத்தியில் கையை நீட்டினான்.

"அதையும் கொடுங்கம்மா. ரொம்பப் பழசா இருக்கு, புகை படிஞ்ச மாதிரி. கழுவித் தர்றேன்."

"வேண்டாம்."

பை பட்டென்று மூடிக்கொண்டது. கோந்து திரும்பிப் பார்த்தான். அது அண்ணனுடைய கண்ணாடி. அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறாள் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. கழுவிக் கொடுத்தால் என்னவாம்? கேட்க வாய் வரவில்லை. வாயை வேறு பக்கம் திருப்பினான்.

"அண்ணி, இந்தக் கொக்கியைப் பார்த்தீங்களா? கூச்சம் வந்து சிவந்துபோயிருக்கு."

மெஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது ஒரு இரும்புக் கம்பிக் கொக்கி. அதே மாதிரி இரண்டு மூன்று கொக்கிகள் சாம்பல் நிறத்தில் இருக்க, இது மட்டும் பாதிக்குக் கீழே இளஞ்சிவப்பாக இருந்தது.

அண்ணி அதைக் கையில் எடுத்தாள். "பள்ளிக்கூடத்துல ஒரு சோதனை காட்டுவாங்க. செம்பு கரைஞ்ச தண்ணியில இரும்பாணியைப் போட்டா, ஆணிமேல செம்பு ஏறிக்கும்." அவள் மகனைப் பார்த்தாள். "கண்ணாடி கழுவற மெஷின்ல செம்பு எப்படிங்க கரைஞ்சுது?"

ரீங்காரம் நின்றுபோயிற்று. மகன் கோந்துவின் கண்ணாடியை எடுத்துத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகும் விடவில்லை.

"தினமும் சாயங்காலம் அப்பா அந்தக் காசை எடுத்துப் பார்ப்பாருங்க. பார்த்துட்டு ஒரு பெருமூச்சு விடுவாரு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அந்தப் பெருமூச்சைக் கேட்டுட்டு இருக்கேன். எதுக்குப்பான்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, போய்ப் படி'ன்னுடுவாரு. நம்பர் கம்மியாப் போட்டுட்டாங்களேன்னு ஏக்கம்னு நினைச்சேன். அந்த மாதிரி ஏக்கம் பிடிச்சவங்களை நிறையப் பார்த்திருக்கேன்."

"ரேகைதான் காரணம்னு காசுக்கடையில தெரிஞ்சுக்கிட்டீங்க."

"ஆமா. அப்பாவுக்குக் கண்ணு மங்கிட்டு வருதும்மா. ஊருக்கே கண்ணாடி போட்டவரு, இனிமே எந்தக் கண்ணாடி போட்டாலும் பிரயோஜனமில்ல. பார்வை இருக்கறப்பவே அவர் ஆசைப்பட்ட நம்பரோட கொண்டுவந்து கையில வைக்கணும்னு நினைச்சேன். இடுக்கியில துணி சுத்தி, கீறல் படாம கூட்டை உடைச்சேன். லேபிளையும் கூட அனுப்பணும்னு எடுத்து வெச்சேன். ஒரு திரவம் விக்கறாங்க, அதை இந்த மெஷின்ல ஊத்தி, கம்பிக் கொக்கியில காசைச் செருகி இறக்கினேன். ரேகை போச்சு." அவன் துடைப்பதை நிறுத்தினான். "கூடவே கலரும் போச்சு. எப்படிச் சரி பண்றதுன்னு முழிச்சுட்டு இருந்தப்போ, அப்பா டிராயரைத் திறந்துட்டாரு."

"கழுவினேன்னு சொல்லியிருக்கலாமே?" என்றான் கோந்து.

"சொல்லத்தான் போனேன். அவர் காசைப் பார்த்த பார்வை... அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததே இல்லை. 'இது என் காசு இல்ல'ன்னாரு. அதே காசுதான்பான்னு மட்டும் வாயில வந்துச்சு. மிச்சம் வரலை. அப்புறம் அவர் பேசறதையே நிறுத்திட்டாரு. நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

அண்ணி அந்தக் கொக்கியை ஆணியில் திருப்பி மாட்டினாள்.

"உங்க அக்காவைப் பத்தி என்ன தெரியும்?"

"அக்காவா?" அவன் விழித்தான். "போட்டோவுல இருக்கறதுதான். காய்ச்சல்ல போயிட்டா. அப்போ எனக்கு நடக்கக்கூடத் தெரியாது. அம்மாவும் அந்த ஏக்கத்துலயே போயிட்டாங்க. வீட்டுல அவ பேச்சே எடுக்கமாட்டோம். ஏம்மா?"

அண்ணி எழுந்தாள். வாசலில் கோந்துவின் காதருகே, "இந்தக் கேஸை எடுத்திருக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னாள். எரிந்த கடைகளிலிருந்து வெளியே வரும்போது அவள் முகம் இப்படித்தான் இருக்கும் என்று அண்ணன் ஒருமுறை சொல்லியிருந்தான்.

*

சாயங்கால வெளிச்சம் கண்ணாடிக்காரரின் மேசைவரை வந்து நின்றிருந்தது. அண்ணி வளையத்தின் இரண்டு பாதிகளையும் வைத்தாள், காசை வைத்தாள், திருப்பினாள். க்ளிக்.

"மாத்தலைங்க. இதுதான் உங்க காசு. உங்க பையன் திருடலை. கழுவினான். நம்பர் கூடும், நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சுக் கழுவினான்."

கோந்து கிழவரின் முகத்தைப் பார்த்தான். ஆச்சரியப்படுவார், கோபப்படுவார், பிள்ளை கள்ளன் இல்லை என்று நிம்மதியாவது படுவார் என்று எதிர்பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"இதுதான் என் காசுன்னு தெரியும். முதல் நாளே தெரியும். அந்தக் கப்பல்ல எத்தனை கயிறு, எந்தக் கயிறு தேஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

கோந்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறம் எதுக்குங்க எங்களைக் கூப்பிட்டீங்க? பெத்த பிள்ளையைத் திருடன்னு..."

"திருடனா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்!"

குரல் உடைந்துவிட்டது. அவர் இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் திருடனா இருந்தா, என் காசு எங்கேயாவது இருக்கும். ஏதோ ஒரு கடையில, யாரோ ஒருத்தன் பெட்டியில, ரேகையோட பத்திரமா இருக்கும். தேடிப் போகலாம், காலைப் பிடிச்சுக் கேட்கலாம். கிடைக்காட்டிக்கூடப் பரவாயில்ல, இருக்குன்னு நினைச்சுக்கலாம். அவன் நல்லவனா இருந்தா..." அவர் அந்தப் பளபளப்பைப் பார்த்தார். "அவன் நல்லவனா இருந்தா அது எங்கேயுமே இல்லம்மா."

வெளிச்சம் மேசையை விட்டு இறங்கியது. அவர் போட்டோவைப் பார்க்காமலே சொன்னார்.

"காசை எடுத்து வெச்சுட்டு விளையாடிட்டு இருந்தா. என்னடி பண்றேன்னு கேட்டா, கப்பல் போகாம பிடிச்சிருக்கேன்னா. வாங்கி டிராயர்ல வெச்சேன். அன்னிக்குக் காசுல ஒண்ணுமே தெரியலை. அப்புறம் அவ போயிட்டா. அவ துணி, செருப்பு எதுவும் கண்ணுல படக்கூடாதுன்னு இவன் அம்மா எல்லாத்தையும் கொடுத்துட்டா. ஆறேழு மாசம் கழிச்சு ஏதோ தேடறப்போ டிராயரைத் திறந்தேன்." அவர் விரலால் காற்றில் ஒரு சின்ன வட்டம் போட்டார். "வந்திருந்தா."

அவர் உடைந்த வளையத்தின் ஒரு பாதியைக் கையில் எடுத்தார்.

"இன்னொருத்தர் கை பட்டா அழிஞ்சுடுமேன்னு பயம். அதுக்குத்தான் கூட்டுல போட்டு சீல் பண்ணச் சொன்னேன். ரேகை இருக்கறதால நம்பர் கம்மியாப் போட்டிருக்கோம்னு அந்தக் கம்பெனிக்காரன் வருத்தம் தெரிவிச்சு எழுதியிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நான் நம்பரை ஒருநாளும் பார்த்ததில்ல."

கதவருகே சத்தம் கேட்டது. மகன் எப்போது வந்தான் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டாகிவிட்டது என்று மட்டும் அவன் நின்ற விதத்தில் தெரிந்தது.

"அப்பா," என்றான். "எனக்குத் தெரியாதுப்பா."

"எப்படித் தெரியும்? நான் எங்கே சொன்னேன்?"

"நீங்க பெருமூச்சு விட்டப்போ எல்லாம்..."

"ம்."

மகன் சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தான். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அவர் சாவியைத் தொடவில்லை. அவனையும் பார்க்கவில்லை. வழக்கம்போல ஜன்னலைத்தான் பார்த்தார். கோந்து வாயில் எதையாவது வரவழைக்கப் பார்த்தான். வீடே இடிந்து விழுந்தாலும் ஒரு ஜோக்கு வைத்திருப்பவனுக்கு அன்று ஒன்றும் அகப்படவில்லை.

மகன் போகத் திரும்பினான். பிறகு, காசு துணியில்லாமல் வெறும் மேசைமேல் கிடப்பதைப் பார்த்தான் போலிருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டுப் போக அவனால் முடியவில்லை. துணியை விரித்தான். இரண்டு விரல்களால், நடக்கத் தெரியும் முன்பே கற்றுக்கொண்ட மாதிரி, காசை ஓரத்தில் பிடித்துத் தூக்கினான்.

"ஓரத்தைப் பிடிக்காதே."

அவன் கை நின்றது.

கிழவர் ஜன்னலிலிருந்து திரும்பியிருந்தார். முகம் நனைந்திருந்தது. குரல் மட்டும் மகனுக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்த அதே கண்டிப்பில் இருந்தது.

"நல்லாப் பிடி. கட்டைவிரலை மேல வை. பாய்க்கு மேல, வெறுமையா இருக்கு பாரு, அங்கே."

"அப்பா, வேண்டாம்பா. காசு கெட்டுடும்."

"அழுத்திப் பிடிடா."

மகன் பிடித்தான். அவர் எழுந்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து, அந்த விரலின்மேல் தன் கையை வைத்து மூடினார். எதையோ போகவிடாமல் பிடித்திருப்பதுபோல இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

அண்ணி கோந்துவின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். கோந்து தன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். மகன் துடைத்துத் துடைத்து ஒரு பொட்டு அழுக்கில்லாமல் இருந்தது. ஊர் அத்தனை தெளிவாகத் தெரிவது அவனுக்கு என்னவோபோல் இருந்தது.

"அண்ணி."

"என்ன?"

அந்தக் கறுப்பு ஃபிரேம் கண்ணாடியின் லென்ஸில் புகைபோலப் படிந்திருந்தது என்னவென்று இப்போது அவனுக்குத் தெரிந்தது. அண்ணன் எப்போதும் கண்ணாடியை இரண்டு விரலால் லென்ஸைப் பிடித்தேதான் கழற்றுவான். அதற்காக வீட்டில் தினமும் திட்டு வாங்குவான்.

"ஒண்ணுமில்ல," என்றான். "பஸ்ல கூட்டமா இருக்கும். பையை நான் வெச்சுக்கறேன். இடிபடாம கொண்டுவர்றேன்."

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு பையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.